மொட்டை அணிலும் என் அண்ணியும்

என் அண்ணியிடம் முடியைப் பற்றிப் பேசி வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் எங்கள் தெருவில் அநேகமாக யாருமில்லை. நானும் அதில் சேர்த்திதான். ஆனால் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகும் பின்வாங்காமல் நின்று ஜெயித்தவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அடக்கமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அண்ணியின் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. அவள் வேலை பார்ப்பதோ விக் செய்யும் பட்டறையில். நானும் அங்கேதான். மூட்டை மூட்டையாக முடி வரும். வேர்ப்பக்கம் ஒரு பக்கம், நுனிப்பக்கம் ஒரு பக்கம் என்று அடுக்கி, ஆணிப்பலகையில் போட்டு இழுத்துச் சிக்கெடுப்பது என் வேலை. பிறகு அந்த முடி மருந்துத் தொட்டிக்குப் போகும், சாயத்துக்குப் போகும், மறுபடி என் பலகைக்கு வரும். கடைசியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அண்ணியிடம் போகும். அவள் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக வலையில் கோத்து முடிச்சுப் போடுவாள். அதிலும் முன்நெற்றி ஓரம் அவளுக்கு மட்டும்தான். போலி முடியின் குட்டு வெளிப்படுகிற இடம் அதுதான். அண்ணி கட்டிய நெற்றியை மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

அவளுக்கும் ஒரு காலத்தில் இடுப்பு வரை முடி இருந்தது. கல்யாணமாகிச் சில வருஷத்தில் சொட்டை சொட்டையாக விழ ஆரம்பித்தது. உடம்பே தன் முடியைப் பகையாளியாக நினைக்கிறது, திரும்ப வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். டாக்டர் கை விரித்த இடத்தில் ஊரே கையை நுழைத்தது. வெங்காயச் சாறு, முட்டை, ஏதேதோ வேர், ஏதேதோ தைலம். வருஷக்கணக்கில் அண்ணி எல்லாவற்றையும் பூசினாள். கடைசியில் ஒருநாள் இருந்த நாலு முடியையும் மழித்துவிட்டு, புட்டிகளையெல்லாம் அள்ளிக் குப்பையில் கொட்டினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வைத்தியப் பேச்சுக்கு இடமில்லை. முக்காடு கிடையாது, தொப்பி கிடையாது. வெயிலில் பளபளவென்று நடந்து வேலைக்குப் போவாள்.

முதலாளிக்கு இது பெரிய தலைவலி. வெளியிலிருந்து வியாபாரிகள் வரும் நாளில் அவளைக் கொஞ்சம் விக் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார்.

"நீயே கட்டினதும்மா. ஒரு மணி நேரம் வச்சுக்கிட்டா என்ன? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"என் கையைப் பாக்கட்டும் சார். தலையை எதுக்குப் பாக்கறாங்க? என் தலை என்னோடது."

அவள் மாதிரி நெற்றி கட்ட இன்னொரு ஆள் இல்லாததால் அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் மனதுக்குள் மூடிக்கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் எப்படி இந்த வீட்டுக்கு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டியவனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து நின்றவள் நான். அண்ணன் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தான். அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஜன்னல் பக்கம் படுக்கறியா, சுவர்ப் பக்கமா?" அதனால் அவளோடு நான் எவ்வளவு சண்டை போட்டாலும் அது வேறு கணக்கு.

இனி அணில் கதை.

பட்டறைக் கிடங்கில், மேல் வரிசை மூட்டைகளுக்குப் பின்னால் ஓர் அணில் கூடு கட்டியிருந்தது. கூடு முழுக்க முடிதான். ஓர் அணிலுக்கு அதைவிடச் சொகுசு எங்கே கிடைக்கும்? மூட்டையை இறக்கும்போது கூடு கீழே விழுந்து, கண் திறக்காத ஒரே ஒரு குஞ்சு மட்டும் பிழைத்தது. தாய் வரும் என்று அண்ணி அதை ஜன்னல் விளிம்பில் வைத்து வேலை முடியும்வரை பார்த்தாள். பூனைதான் வந்தது. குஞ்சை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பஞ்சைப் பாலில் நனைத்து வாயில் வைத்து, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றினாள். பல் முளைத்ததும் பாலில் ஊறிய பிஸ்கட். அதன் பிறகு சூரியகாந்தி விதையும் வேர்க்கடலையும். வெள்ளரித் துண்டு வைத்தால் மோந்து பார்த்துவிட்டுக் காலால் தள்ளிவிடும். கேரட்டை எடுத்து வெளியே எறியும். கடலையை மட்டும் இரண்டு கையாலும் வாங்கி, நம்மைப் பார்த்துக்கொண்டே தின்னும். அந்தத் தோரணையைப் பார்த்து அண்ணன் வைத்த பெயர்தான் துரை. துரை கேட்டது கிடைத்தது. கேட்காதது எதுவும் கூண்டுக்குள் போகவில்லை.

கூண்டு என்பது யாரோ கொடுத்த பழைய கிளிக்கூண்டு. பூனைக்குப் பயந்து சமையலறைப் பரணுக்குக் கீழே மாட்டியிருந்தோம். அங்கே வெளிச்சமே எட்டாது, வெயிலுக்கு எங்கே போக? படுக்கைக்கு, என் ஆணிப்பலகைக்கு அடியில் உதிர்கிற துண்டு முடியை அண்ணி வாராவாரம் ஒரு பையில் அள்ளி வருவாள்.

"முடியிலயே பொறந்தவன். முடியிலதான் தூங்குவான்" என்பாள் பெருமையாக. எங்களைத் தவிர வேறு யாருக்காவது இப்படி ஒரு யோசனை வருமா? வராது. வராமல் இருப்பதே நல்லது என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் வால் மெலிந்தது. பிறகு முதுகில் சொட்டை விழுந்தது. வரிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தோலெல்லாம் பொடுகு. எந்நேரமும் சொறிந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நாளில் துரை, வாலுள்ள உருளைக்கிழங்கு மாதிரி ஆகிவிட்டான்.

அவ்வளவுதான், ஊர் வாய் திறந்துகொண்டது. கீழ்வீட்டம்மா மாடிப்படியில் நின்று, மேலே கேட்கும்படியாகவே பக்கத்து வீட்டுக்காரியிடம் சந்தேகம் கேட்டாள். "அவங்ககிட்டருந்து அணிலுக்கு ஒட்டிக்கிச்சா, இல்ல இன்னும் யாருக்காவது ஒட்டுமான்னு தெரியலையே."

அண்ணி மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒட்டும்மா, நல்லா ஒட்டும். வாய் நீளமா இருக்கறவங்களுக்குத்தான் மொதல்ல ஒட்டுமாம். எதுக்கும் தலையைத் தடவிப் பாத்துக்குங்க."

அந்த அம்மா நிஜமாகவே தடவிப் பார்த்துக்கொண்டாள். நான் சிரித்ததில் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டேன்.

சிரிப்பெல்லாம் அத்தோடு சரி. அண்ணன் அணிலுக்கென்று ஒரு தைலம் வாங்கிவந்தான். பாவம், லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எதற்கும் எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்பது அவன் தொழில் நம்பிக்கை. அண்ணி அந்தப் புட்டியை ஜன்னல் வழியாக வீசினாள். அது கீழ்வீட்டம்மாவின் செடித்தொட்டியில் விழுந்தது. அந்தச் செடியிலும் அதற்கப்புறம் ஒன்றும் வளரவில்லை.

"கொட்டணும்னா கொட்டும்" என்றாள் அண்ணி. "எனக்கும் இப்படித்தானே கொட்டிச்சு? நான் என்ன செத்தா போயிட்டேன்? என்னைத்தான் அந்தப் பாடு படுத்துனீங்க. இதையாவது விடுங்க."

மாலையில் வேலை முடிந்து வந்ததும் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "நமக்கென்னடா குறைச்சல்? சீப்புச் செலவு மிச்சம்" என்று கொஞ்சுவாள். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்காது. ஏனென்றால் அவள் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. இத்தனை வருஷம் தனியாக நின்றவளுக்குத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது. அந்த ஆள் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டிருந்தது அவள் கண்ணில் படவில்லை.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். வெயில் கொளுத்துகிறது. துரை கடலையைத் தொடவில்லை. கூண்டின் மூலையில் சுருண்டு கிடந்தான். கையில் எடுத்துப் பார்த்தால், பின்னங்கால் விரலில் நீள முடி ஒன்று சுற்றி இறுகி, விரல் வீங்கிப்போயிருந்தது. அண்ணி தன் ஊசிக்கத்தரியை எடுத்து, தோலில் படாமல் முடியை மட்டும் வெட்டி எடுத்தாள். அந்தக் கைக்கு ஈடு கிடையாது. அதை எப்போதும் ஒப்புக்கொள்வேன். ஆனால் முடியை எடுத்த பிறகும் அணில் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது.

"சரியாயிடும்" என்றாள்.

"ஆகாது அண்ணி. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போலாம்."

"ஆரம்பிச்சிட்டியா நீயும்?"

"ஆமா, ஆரம்பிச்சிட்டேன். இதைக் கொஞ்சம் பாருங்க. எதுக்கு நடுங்குது இந்த வெயில்ல?"

"பயத்துல நடுங்குது."

"குளிர்ல நடுங்குது அண்ணி! உங்களுக்கு முடி போச்சு. போனா போகட்டும்னு நிமிந்து நடந்தீங்க. உங்களை மாதிரி யார் நடப்பா? ஆனா அது உங்க தலை. இது இதோட உடம்பு. உங்களுக்கு முடி போனா நாலு பேர் பேசுவாங்க, அவ்வளவுதான். இதுக்கு முடி போனா உயிர் போயிடும்."

அவள் முகம் கறுத்துவிட்டது. "வாயை மூடு. வீட்ல இருக்க விட்டா எதையும் பேசலாமா?" என்றாள்.

அது சுருக்கென்று தைத்தது. இருந்தும் நான் வாயை மூடவில்லை. "என்னை அப்புறம் வெளிய அனுப்புங்க. இதை இப்ப டாக்டர்கிட்ட அனுப்புங்க. உங்களுக்கு வந்தது இதுக்கும் வந்திருக்குன்னு உங்ககிட்ட யார் சொன்னா? நீங்களா முடிவு பண்ணிக்கிட்டீங்க. உங்களுக்குத் துணை வேணும்னு இதைச் சாகடிக்காதீங்க."

அண்ணன் வாசல்வரை வந்து, நிலவரம் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனான். அண்ணி அணிலைத் தன் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அந்த நடுக்கம் அவள் தோலில் ஏறியிருக்க வேண்டும். திடீரென்று கூண்டை எடுத்தாள், செருப்பை மாட்டினாள்.

"போறேன். ஆனா நீ சொன்னதுக்காகப் போகல."

"சரி, எதுக்காகவோ போங்க" என்று நானும் பின்னால் ஓடினேன்.

கால்நடை மருத்துவரின் கூடத்தில் நாய்களும் பூனைகளுமாக ஒரே நெரிசல். கூண்டுக்குள் ஒரு மொட்டை, வெளியே ஒரு மொட்டை. பார்க்காதவர்கள் இல்லை. சடை நாயை மடியில் வைத்திருந்த ஒருவர் பொறுக்க முடியாமல், "என்னங்க, ரெண்டு பேருக்கும் ஒரே வியாதியா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, ஒரே பார்பர்" என்றாள் அண்ணி. அதற்கப்புறம் அந்த மனிதர் கூரையை ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்துவிட்டார்.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு, அண்ணியின் தலையை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் அணிலை மட்டும் பார்த்தார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. முதுகுத் தோலை லேசாகச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். "பூச்சி இல்ல. பூஞ்சையும் தெரியல. என்ன சாப்பிடுது?"

அண்ணி சொன்னாள். கேட்கக் கேட்க டாக்டரம்மாவின் உதடு ஒரு பக்கமாகப் போயிற்று. "கடலையும் விதையும் குழந்தைக்கு மிட்டாய் மாதிரி. அதையே சாப்பாடா கொடுத்தா எலும்பு என்னாகும், தோல் என்னாகும்? வெயில் படுமா?"

"படாதுங்க."

"எதுல படுக்குது?"

இதற்கு மட்டும் அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நல்ல முடி மேடம். நான் வேலை பாக்கற விக் பட்டறையிலருந்து கொண்டுவர்றேன். அது பொறந்த கூடே முடிதான்."

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கிடங்கில் இருந்தது பச்சை முடி, வந்தபடியே மூட்டையில் கிடப்பது. என் பலகைக்கு அடியில் கிடப்பதில் தொட்டிக்குப் போய்வந்த முடியும் கலந்திருக்கும்.

"அண்ணி" என்றேன். "தொட்டியிலருந்து வர்ற முடியை நாமளே கையுறை போட்டுத்தானே தொடறோம்?"

டாக்டரம்மா என்ன தொட்டி என்று கேட்டார். நான் மருந்தையும் சாயத்தையும் சொன்னேன். அவர் கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டார். "முழுக்க அலசினாலும் மிச்சம் இருக்கும். ராத்திரி பகலா அதுக்குள்ளயே புதைஞ்சு கிடந்தா இந்தச் சின்ன உடம்பு எப்படித் தாங்கும்? சாப்பாட்டுல சத்தும் இல்ல. தோல் சுத்தமா விட்டுக்கொடுத்திருச்சு. இன்னிக்கே அந்தப் படுக்கையைத் தூக்கிப் போடுங்க."

"அப்ப..." அண்ணியின் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அப்ப இது பொழைக்குமா?"

"பொழைக்கணும். ஏன், முடியும் வளருமே. வேர் உயிரோடதான் இருக்கு."

அண்ணி எழுந்து ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான் இருந்தன. என்ன கொடுக்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதையெல்லாம் நான்தான் கேட்டுக்கொண்டேன்.

அண்ணி கூண்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். பாதி வழியில் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"வளரும்னு அந்தம்மா சொன்னாங்க இல்ல, அப்ப எனக்குப் பொறாமையா இருந்துச்சுடி. ஒரு அணில் மேல."

நான் சிரிக்கவில்லை. கூண்டின் இன்னொரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் தூக்குகிற கனம் அதில் இல்லை. இருந்தும் வீடு வரை இரண்டு பேருமாகத்தான் தூக்கிப்போனோம்.

அதற்குப் பிறகு அண்ணியின் பிடிவாதம் முழுவதும் துரையின் பக்கம் திரும்பியது. முடிப் படுக்கை போய், நூல் பிரியாத பழைய பருத்தித் துணியும் உலர்ந்த இலையும் வந்தன. பிஸ்கட் நின்றது. கடலை தினம் ஒன்றே ஒன்று, அதுவும் மற்றதைத் தின்றால்தான். கீரை, வெள்ளரி, பழத்துண்டு, முளைவிட்ட பயறு, பல் தேயக் கடிக்கப் பச்சைக் குச்சி, சுண்ணாம்புச் சத்துக்கு டாக்டரம்மா கொடுத்த பொடி. துரை ஒத்துழைக்கவில்லை. வெள்ளரியைத் தூக்கி எறிந்தான். அண்ணி எடுத்துக் கழுவி மறுபடி வைத்தாள். மறுபடி எறிந்தான். மறுபடி வைத்தாள்.

"யார் பிடிவாதம் பெருசுன்னு பாத்துடலாமாடா?" என்றாள். அன்று சாயங்காலம் துரை வெள்ளரியைக் கடித்தான். எனக்கு அவன் மேல் அனுதாபமாக இருந்தது. அந்த வீட்டில் அவளிடம் தோற்காதவர் யார்?

அண்ணன்தான் அசத்திவிட்டான். கழற்றிப் போட்ட பழைய லிஃப்ட்டின் கம்பிவலைக் கதவைக் கொண்டுவந்து, ஆள் உயரத்துக்கு ஒரு கூண்டு கட்டி, உள்ளே மரக்கிளை பொருத்தி, காலை வெயில் விழுகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். "துரைக்குத் தனி லிஃப்ட்" என்றான். அவன் வாழ்நாளில் அடித்த ஒரே ஜோக் அதுதான். துரை மேலும் கீழுமாக ஓடி ஓடி அதை நிரூபித்தான்.

ஒருநாள் காலை வெயிலில் அண்ணி அவன் முதுகைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். முடிச்சுப் போடுகிற கண் ஆயிற்றே, எனக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரிந்தது. தூசி மாதிரி மெல்லிய முடி. அப்புறம் அது தடித்தது, நிறம் பிடித்தது, வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கடைசியில் வாலும் புஸ்ஸென்று விரிந்தது. அண்ணி அழுதாள். மறைக்கவில்லை, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

செய்தி பட்டறைக்கும் போயிற்று. முதலாளி நல்ல மனநிலையில் அவள் ஜன்னலோரம் வந்து நின்றார்.

"கேள்விப்பட்டேன்மா. அணிலுக்கே முடி வந்துடுச்சாமே. நீயும் அதே மாதிரி ஏதாவது பாக்கலாமில்ல? இல்லைன்னா அதுவரைக்குமாவது ஒரு விக்..."

பட்டறை முழுக்க ஊசி நின்றது. கூண்டோடு நடந்து வந்தபோது, அணில் மேல் பொறாமை என்று அவள் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

அண்ணி போட்டுக்கொண்டிருந்த முடிச்சை முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினாள். "அதுக்குக் குளிர்ந்துச்சு சார், வளத்துக்கிச்சு. எனக்குக் குளிரல."

முதலாளி போய்விட்டார். அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணி கூண்டைத் திறந்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். துரை அவள் கை வழியாக ஏறி, தோள் வழியாக ஏறி, தலை உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டான். புது வால் முன்னால் சரிந்து அவள் நெற்றியில் விழுந்தது. முன்நெற்றி ஓரம், அச்சு அசலாக. அவளே கட்டியிருந்தாலும் அவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது.

அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். "நல்லாருக்கு" என்றான் மெதுவாக. சொன்ன பிறகு பயந்துபோய் என்னைப் பார்த்தான்.

அண்ணி கோபப்படவில்லை. எழுந்து கண்ணாடிக்கு முன்னால் போய், வால் நழுவாமல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவள் கண்ணாடி பார்த்து நான் பார்த்ததே இல்லை. பிறகு அணிலிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

"கொஞ்ச நேரம்தான், துரை. அப்புறம் இறங்கிடணும். என் தலை என்னோடது."